612ஆம் பக்கம்

காலை 9.10. வேங்கிக்காலில் உள்ள அந்தக் கல்லூரியின் நூலகத்தில் பெரிய ஆங்கில–தமிழ் அகராதியைக் காணோம். இருந்தது ஒரே பிரதி. வெளியே கொண்டுபோகக் கூடாத புத்தகம்.

நூலகர் புகழேந்திக்கு மூக்குக்கு மேல் கோபம். "கடைசியா அத யார் எடுத்தது?"

"உஸ்மா" என்றாள் ஆங்கில ஆசிரியை சைலஜா. தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைகளுக்கு நூலகத்திலேயே வகுப்பு வைத்துத் தேடிப் படிக்கக் கற்றுத்தருபவள் அவள். எதை எழுதினாலும் எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் என்று கீழே குறிக்கச் சொல்லித் தினமும் உயிரை வாங்குவாள். இன்று தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள்.

வகுப்பே பார்க்க உஸ்மாவின் பையைப் புகழேந்தி மேசைமேல் கவிழ்த்தார். நோட்டுகள், டிபன் டப்பா, ஒட்டுப்போட்ட குடை. அவ்வளவுதான். அந்தக் குடையைப் பார்க்க சைலஜாவுக்குக் கூசியது.

"எங்க வெச்ச?"

"எடுத்த இடத்துலயே வெச்சேன், சார். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடினேன், சிக்கல. அஞ்சு மணிக்கு பெல் அடிச்சப்போ மிஸ்ஸக் கேட்டேன். நாளைக்குச் சொல்றேன்னாங்க. பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

"கிடைக்கலன்னா பிரின்சிபாலுக்குப் புகார் போவும். காலேஜ விட்டே அனுப்பிடுவாங்க."

உஸ்மா அழவில்லை. காலையில் சைலஜா கொடுத்த பாடத்தாளை மட்டும் நாலாக மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். புகழேந்தியின் கண்ணுக்கு அது தப்புமா?

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல, சார்."

"குடு."

9.25. பிரித்துப் படித்தவர் கடைசி வரியில் நின்றார்.

"நேத்து கேட்ட வார்த்தை இதுவா?"

உஸ்மா தலையாட்டினாள்.

"மேடம், இதோட அர்த்தத்த எழுதிக் கீழ அந்த அகராதியோட பேரையும், 612ஆம் பக்கம்னும் போட்டிருக்கீங்க. இவ கேட்டது பெல் அடிச்சப்போ. உடனே எல்லாரையும் அனுப்பிப் பூட்டிட்டேன். கடைசியா வெளிய வந்தது நீங்க. உக்காந்து பார்க்க நேரமில்ல. பையில போட்டுக்க நேரமிருந்துச்சு."

சைலஜாவுக்கு அவமானத்தில் உடம்பே எரிந்தது.

"எனக்கும் அர்த்தம் தெரியல, சார். உங்களக் கேட்டு எடுத்துட்டுப் போக வெக்கம். காலையில சத்தமில்லாம வெச்சுடலாம்னு வந்தேன்... அதுக்குள்ள நீங்க பார்த்துட்டீங்க." உஸ்மாவிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"தாள் வந்ததுமே தெரியும், மிஸ். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி கீழதான் முதல்ல பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் பார்க்கிறாங்களே, மிஸ்."

சைலஜா தோள்பையைக் கழற்றினாள். உஸ்மாவின் குடைக்குப் பக்கத்திலேயே, வகுப்பே பார்க்க, அதைக் கவிழ்த்தாள்.