விட்டுப்போன ‘ஓடு’

ஒரு சிறு சொல் விட்டுப்போனதால் ஒரு சிநேகமே முறிந்துபோகுமா? சின்னவளுக்கு அப்படித்தான் நேர்ந்தது.

அவளுடைய அக்காவின் வாயில் எந்நேரமும் ‘ஹேங் அவுட்’ என்ற ஆங்கிலச் சொல்தான். சிநேகிதிகளோடு சேர்ந்து பொழுது போக்குவதற்கு அப்படியொரு பெயராம். சின்னவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னபோது, உடன் படிக்கும் தையல்காரர் மகளோடு பூங்காவில் கழித்த மாலையை அந்தச் சொல்லைப் போட்டே எழுதினாள்.

ஆசிரியை அதை உரக்க வாசித்தார். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“‘வித்’ எங்கம்மா? தோழியோடன்னு எழுதாம, அந்த ‘ஓட’வை விட்டுட்டியே. இப்போ தோழியைத் துணி மாதிரி வெளியே தொங்கப்போட்டேன்னு ஆயிடுச்சு.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சின்னவளும் சேர்ந்தே சிரித்தாள். அப்போது பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: “அதான் அவ சட்டை எப்பவும் ஈரமா இருக்குதா?”

சின்னவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தித் தையல்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இருந்தது ஒரே சீருடை. ஊருக்கெல்லாம் தைக்கும் அவள் அப்பாவுக்கு, மகளுக்கு இன்னொன்று தைக்கத் துணி வாங்க இயலவில்லை. அவர்களுடைய அறையில் வெயில் எட்டிப் பார்க்காது. ஆகவே மாலையில் துவைத்ததை மறுநாள் அரை ஈரத்தோடுதான் அணிந்து வருவாள். இதையெல்லாம் அவள் சொல்லியிருந்தது சின்னவள் ஒருத்தியிடம்தான்.

அன்றே தையல்காரர் மகளுக்கு ‘ஈரத்துணி’ என்று பெயர் விழுந்தது. மணி அடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “உங்கிட்ட மட்டுந்தானேடி சொன்னேன்?”

பதிலுக்குக் காத்திராமல், பையை எடுத்துக்கொண்டு சன்னலோரப் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

சின்னவள் மன்னிப்புக் கடிதம் எழுதினாள். அது பிரிக்கப்படாமலேயே திரும்பி வந்தது. சாப்பாடு மண்ணாக இருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்றாள் அக்கா. ஒன்றும் சரியாகவில்லை. இனி ஒருநாளும் சரியாகாது என்றே சின்னவளுக்குத் தோன்றிற்று.

மூன்றாம் நாள் காலை, யாரோ கரும்பலகையில் துணிக்கொடி ஒன்று கட்டி, அதில் ஒரு பெண்ணைத் தொங்கவிட்டு வரைந்திருந்தார்கள். சொட்டுச் சொட்டாய் நீர் வேறு. தையல்காரர் மகள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அழித்துவிடலாம், ஆனால் நாளைக்கும் வரைவார்களே. சின்னவள் சாக்பீஸை எடுத்தாள். அதே கொடியில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே, இரட்டைச் சடையோடும் முன்பல் ஓட்டையோடும் இன்னொருத்தியை வரைந்தாள்.

அது யார் என்று பின்பெஞ்சுக்காரன் கேட்டான்.

“நான்தான். தொங்கினா ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொங்குவோம்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பதற்குத் துணை யாரும் சேரவில்லை.

தையல்காரர் மகள் மெல்ல எழுந்து பலகையருகே வந்து நின்றாள். “நான் யார்கிட்டயும் சொல்லலைடி,” என்று சின்னவள் முணுமுணுத்தாள்.

“இப்பத் தெரியுது,” என்றாள் அவள். பிறகு படத்தை உற்றுப் பார்த்தாள். “ஆனா உன் மூக்கு இவ்வளவு சின்னது கிடையாதுடி.”

சாக்பீஸை வாங்கி, அதை நன்றாகப் பெரிதாக்கினாள்.