கறுத்த நரம்பு

"கட்டுன புருசனுக்கே மருந்து வெக்கறயாடி, பாவி!"

விடிந்தும் விடியாத நேரத்தில் முத்தாத்தாளின் கூச்சல் அடுப்படியை உலுக்கியது. நாச்சம்மாளின் கையில் ஒரு கரண்டி இருந்தது. அதில் வெள்ளைப் பொடியும் தேனும்.

"அத்தை... நீங்க நெனைக்கறது இல்லீங்க..."

"வேற என்னடி? எம்பையன் வாந்தி எடுக்கறான், எலும்பாப் போயிட்டான், தலவாணி பூரா முடி! சோத்துல கலந்து வெக்கற இடுமருந்துக்கு வேற சாட்சி வேணுமா?"

நாச்சம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். புருஷன் ஈஸ்வரமூர்த்தியின் கழுத்துக் கட்டி புற்றுநோய் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னது அவளுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். மாங்காய் லோடு கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு இருவரும் போவார்கள். அங்கே நரம்பில் ஊசி குத்தி, பாட்டில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு மாத்திரை. வாயெல்லாம் புண்ணாகி விழுங்க முடியாததால் பொடித்துக் கொடுத்தாள்.

"தங்கச்சி கண்ணாலம் முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. இந்த நோவு இருக்கற ஊட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?" என்று தன் தலைமேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான். கையை எடுத்தபோது விரலோடு முடி வந்தது.

மாமனார் குப்பண்ணன் உள்ளே வந்தார். எவர் முன்னும் தலை குனியாத மனிதர். கையில் ஒரு சொம்பு. இடுமருந்தை வாந்தியாக எடுக்க வைத்தியன் கொடுத்த பச்சிலைச் சாறு.

ஐயோ! 'இந்த உடம்பு இப்போ வேற எதையும் தாங்காதும்மா' என்று டாக்டர் சொன்னாரே!

"வேண்டாமுங்க மாமா... கால்ல விழறேன், அத மட்டும் குடுக்காதீங்க!"

"மருந்து வெக்கலீன்னா, அந்தப் பொடிய நீயே தின்னு காட்டு. இல்லீன்னா இந்தச் சாறு அவனுக்கு."

பேசினால் சத்தியம் போகும். பேசாவிட்டால் புருஷன் போவான். நாச்சம்மாள் கண்ணை மூடிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனாள்.

அந்தக் கையை ஒரு மெலிந்த கை பிடித்தது.

"அது எனக்குண்டான மருந்துங்கய்யா." ஈஸ்வரமூர்த்தி சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கை முதல் மணிக்கட்டு வரை நரம்பு கருகிய கொடிபோல் கறுத்துக் கிடந்தது. "ஊசி போன வழி... எனக்குப் புத்து நோவுங்க."

"என்ற சாமீ!" முத்தாத்தாள் அலறியபடி மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

குப்பண்ணன் சாறு முழுவதையும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த முறை அவரும் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஈஸ்வரமூர்த்தியின் இரண்டு கையிலும் தட்டித் தட்டிப் பார்த்தாள். "நரம்பே கிடைக்க மாட்டேங்குதே..."

பெரியவர் தன் கையை நீட்டினார். "என்ற நரம்பு நல்லா இருக்குது. இதுல ஏத்துங்க."

"அப்படி ஏத்த முடியாதுங்க, பெரியவரே."

நீட்டிய கை மெல்ல இறங்கியது. முதுகு மட்டும் வளையவில்லை.

"மாப்பிள்ளை ஊட்டுல நானே போய்ச் சொல்லிப்போட்டேன். மறைச்சுப் பொண்ணு குடுக்கற வம்சமில்ல இது. அவுங்க இன்னும் பதில் சொல்லல..." என்றவர், இத்தனை வருஷமாக 'அவள்' என்றே குறிப்பிட்டு வந்த மருமகளின் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி... நீ வந்து அவன் கையப் புடி. நான் புடிச்சா நடுங்குது."

நாச்சம்மாள் பிடித்துக்கொண்டாள். கறுத்த நரம்பைத் தாண்டி, புறங்கையில் ஊசி இறங்கியது. பாட்டிலிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. மூன்று பேரும் அடுத்த சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.