தவளைக் காருக்கு ஒரு காப்புறுதி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பச்சைக் கார் இருந்தது. கரகரவென்று கத்தும், நாலு தடவை குதிக்கும், அப்புறம்தான் ஓடும். தெருப் பிள்ளைகள் அதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தவளையின் சொந்தக்காரர் இராஜேஸ்வரி அம்மா. வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர். தெருவே அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். அந்தக் காலத்தில் கண்டியில் கார் ஓட்டிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நர்ஸம்மாவுக்கு.

அன்று காலை தவளை வாசலில் சும்மா நின்றது. அடுத்த வீட்டுப் பாயிஸா அதையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

பாயிஸாவின் உம்மா பிரசவத்துக்காக அக்குறணையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். இன்றோ நாளையோ குழந்தை பிறந்துவிடும். சேதி வந்ததும் நர்ஸம்மா தவளையில் பறந்து போவார். பாயிஸாவும் கூடப் போவாள். இதுதான் ஏற்பாடு.

அதற்குள் புதுச் சட்டம் வந்துவிட்டது. காப்புறுதி இல்லாத கார் இனி ரோட்டில் ஓடக் கூடாதாம்! நம் காரால் யாருக்காவது அடிபட்டால், அவருக்கு ஒரு கம்பனி பணம் கொடுக்கும். அதற்காக நாம் வருடா வருடம் கம்பனிக்குப் பணம் கட்ட வேண்டும். அதுதான் காப்புறுதி.

கம்பனியிலிருந்து பெரியதம்பி என்பவர் நர்ஸம்மா வீட்டுக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, காலில் பளபளக்கும் சப்பாத்து. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"உங்கட வயசென்ன அம்மா?"

"ஐம்பத்தெட்டு" என்றார் நர்ஸம்மா, கூரையைப் பார்த்தபடி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாயிஸா திடுக்கிட்டாள். பேனா தாளைத் தொடுவதற்குள் எழுந்து, "நர்ஸம்மா, தேத்தண்ணி கொதிக்குது, வாங்களேன்!" என்று அவர் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போனாள்.

"வாப்பா பொறந்தது உங்கட கையிலதானே?" என்று கிசுகிசுத்தாள்.

"ஆமா. என்னா கத்துக் கத்துனாரு தெரியுமா உங்க வாப்பா!"

"வாப்பாக்கு இப்ப நாப்பத்திரண்டு வயசு. அப்ப உங்களுக்குப் பதினாறா?"

நர்ஸம்மா இன்னும் சீனியே போடாத தேத்தண்ணியை வேக வேகமாகக் கலக்கினார்.

"அறுபத்தாறுன்னு சொன்னா, வயசான காலத்துல ஒனக்கு எதுக்குக் காருன்னு கேப்பாங்க, புள்ள. அதத்தான் என்னால தாங்க முடியாது."

பாயிஸாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். "நாளைக்கு நம்மட காரால ஒரு ஆளுக்கு அடிபட்டா? நீங்க பொய் வயசு எழுதினீங்கண்டு கம்பனி காசு தராதே. அந்த ஆள் என்ன செய்வாரு?"

நர்ஸம்மா கரண்டியைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று வெளியே போனார்.

"எழுதுங்க. அறுபத்தாறு!"

பெரியதம்பி நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடியெண்டால் முழுக் காப்புறுதிக்கு ரெண்டு மடங்கு கட்டவேணும் அம்மா. வயசு போன ஆக்களுக்குக் கம்பனி அப்பிடித்தான் போட்டிருக்கு."

அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் நர்ஸம்மா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அதுக்கு நான் தவளைய வித்துட்டு நடந்தே போயிருவேன்."

தவளையை விற்பதா? அக்குறணைக்கு நடந்து போவதற்குள் உம்மாவின் கதி? பாயிஸாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கார் ஓடாது என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஐயா, முழுக் காப்புறுதியில என்னென்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு பிள்ளை. கார் களவு போனால் காசு தருவம்."

"தவளையையா?" பாயிஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களே ஒருக்காக் களவெடுத்துப் பாருங்களேன்!"

பெரியதம்பிக்கு ரோசம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காரைக் கிளப்ப அதன் முன்னால் இருந்த கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றினார். தவளை ஒருமுறை இருமியது. பிறகு படுத்துவிட்டது. மறுபடி சுற்றினார். அந்த இருமல்கூட வரவில்லை.

தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "தள்ளினாத்தான் போகும் ஐயா!" என்று ஒருவன் கத்தினான். "சரிவு வரைக்கும் தள்ளணும்!" என்றாள் இன்னொருத்தி.

"இதைக் களவெடுக்க வாற கள்ளன் பாவம்" என்று பெரியதம்பி வியர்வையைத் துடைத்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, களவை வெட்டுவம். அதுக்குரிய காசு குறையும்."

"வேற?"

"வேற ஆக்கள் ஓட்டி மோதினால்…"

"என்னயத் தவிர யாருக்கும் இது அடங்காதுங்க" என்றார் நர்ஸம்மா. இப்போது அவர் முகத்தில் களை வந்திருந்தது.

"கார் நசுங்கினால்…"

"ஏற்கெனவே நசுங்கித்தான் இருக்கு!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஆளுக்கு அடிபட்டாக் குடுக்கிறத மட்டும் வெட்டாதீங்க" என்றாள் பாயிஸா அவசரமாக. "அது கட்டாயம் வேணும்."

"ஓம், சட்டம் கேக்கிறதும் அது மட்டும்தான்." பெரியதம்பி கணக்கைப் போட்டு, மீந்த தொகையைச் சொன்னார். நர்ஸம்மா தாராளமாகக் கட்டக்கூடிய தொகைதான். பாயிஸா துள்ளினாள்.

"பொறுங்கோ. இன்னொண்டு இருக்கு. வயசு போன ஆக்களின்ர கண் பார்வையை நான் சோதிக்கவேணும்." அவர் பாலத்தைக் காட்டினார். தூரத்தில் மாத்தளைப் பக்கமிருந்து அக்குறணை வழியாக ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. "அதில என்ன தெரியுது?"

பாயிஸாவும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

நர்ஸம்மா நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "மாத்தளை பஸ்ஸு. கூரையில ரெண்டு வாழக்குலை. மிதிபலகையில ஒரு ஆளு தொங்கிக்கிட்டுக் கைய ஆட்டுறாரு. சாரம், சிவப்புத் தொப்பி… அடியே பாயிஸா, அது ஒங்க அஸீம் மாமா!"

உம்மாவின் தம்பி அஸீம்தான்! பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தார். "நர்ஸம்மா! ராத்தாவுக்கு நோவு வந்திட்டு! கெதியா வாங்க!"

அவ்வளவுதான். நர்ஸம்மா பையை எடுத்தார், பணத்தைக் கொடுத்தார். பெரியதம்பி தவளையின் முதுகிலேயே தாளை வைத்து, கார் ஓடுவதற்கான தற்காலிகச் சீட்டை எழுதி நீட்டினார்.

"ஏறுங்கோ அம்மா! உங்கட கண் என்ர கண்ணை விட நல்லாயிருக்கு!"

பாயிஸாவும் மாமாவும் ஏறிக்கொண்டார்கள். பிள்ளைகள் தள்ளினார்கள். தவளை அசையவில்லை. பெரியதம்பி ஒரு கணம் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு ராத்திரி மழையில் ஊறிய சேற்றில் இறங்கித் தோளைக் கொடுத்தார்.

"தள்ளு! தள்ளு!"

தவளை கரகரவென்று கத்தியது. நாலு தடவை குதித்தது. சேற்றை வாரி இறைத்துவிட்டுப் பாய்ந்தது. பாயிஸா திரும்பிப் பார்த்தபோது, பெரியதம்பி தலைமுதல் கால்வரை சேறாக நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாலம் கடந்தது. ஆற்றில் குளித்த யானைகள் கடந்தன. மாமா கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் வேகமா!" என்று பாயிஸா கத்தினாள். "வேகமாப் போனா நாம போய்ச் சேரமாட்டோம், புள்ள" என்று நர்ஸம்மா தன் வேகத்திலேயே ஓட்டினார். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மத்தியானம் அறைக் கதவு திறந்தது. நர்ஸம்மா ஒரு சின்ன வெள்ளைத் துணி மூட்டையைப் பாயிஸாவின் மடியில் வைத்தார். உள்ளே ஒரு குட்டித் தங்கச்சி கொட்டாவி விட்டாள்.

"உம்மா?" என்று கேட்டாள் பாயிஸா.

"நல்லா இருக்காங்க. தேத்தண்ணி கேக்குறாங்க."

பாயிஸா தங்கச்சியின் விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

நர்ஸம்மா குனிந்து அவள் காதில் சொன்னார்: "இவளுக்கு வயசு பத்து நிமிஷம். சத்தியமா ஒரு நிமிஷம்கூடக் குறைச்சுச் சொல்லல!"