விரிப்பு சிவந்த காலை

பதினொன்றாம் கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள்:

இருளப்பன். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். கூடத்தின் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

பெர்க்மான்ஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வலது கையில் ஒரு விரல் ஒடிந்திருந்தது. ஒடித்தவர் இருளப்பன்.

சொர்ணவேல். தையல்காரர். கைநடுக்கம் உண்டு.

தெய்வானை. சொர்ணவேலின் மனைவி.

கண்ணாடிக்கு அப்பால் ஜீனத். கூடக் காவலர். இவர்களுக்கு மகள் வயது.

சங்கு ஊதியதும் நால்வரும் எழுந்து சுவரோரம் நின்றார்கள். தரை முழுக்க ஒரே விரிப்பு. கட்டில் கிடையாது, தனிப் படுக்கை கிடையாது. எட்டுப் பேர் படுப்பதற்காக நெய்த உணர்விரிப்பு அது. ஈரத்தைத் தடம் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும் இழைக்குள் சென்சார்கள் ஓடின. மிச்ச நான்கு பேரின் இடம் காலியாகக் கிடந்தது. அங்கே யாரும் உருண்டுகூடப் படுப்பதில்லை.

ஜீனத் கண்ணாடிக்குப் பின்னால் பொத்தானை அழுத்தினாள். விரிப்பின் ஓரத்தில் பச்சைக் கோடு எரிந்தால் சுவர்க்குழாய் திறக்கும். ஊரின் நிலத்தடி நீர் முழுக்க உப்பாகிப்போன பிறகு வந்த சட்டம் அது. எழுபது தாண்டியவர்களுக்குத் தண்ணீர்ப் பங்கு வேண்டுமென்றால் இந்தக் கூடங்களுக்கு வந்துவிட வேண்டும். ஒரு விரிப்பைத் துவைக்க ஒரு கூடம் நாள் முழுதும் குடிக்கும் தண்ணீர் ஆகிறது. அதனால் விரிப்பை நனைத்தவருக்கு அதில் இடமில்லை.

கோடு சிவப்பாக எரிந்தது.

கூடத்தின் கோடியில் இருந்த சாம்பல்நிறக் கதவை நால்வரும் பார்த்தார்கள். அதற்கு அப்பால் வடிகூடம். வலைத்தொட்டிலில் படுக்கவைத்து, குழாய் சொருகி, ஊசி போட்டுவிடுவார்களாம். அங்கிருந்து யாரும் திரும்பி வந்து எதுவும் சொன்னதில்லை.

"பேரு சொல்லுங்க," என்றாள் ஜீனத். ஒலிபெருக்கியில் அவள் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது. "ரெண்டு வாய் ஒரே பேரச் சொல்லணும். புருசன் பொண்டாட்டி சேந்து ஒரு வாய்தான். தெரியும்லா."

நனைத்தது யார் என்று விரிப்புக்குத் தெரியும். வியர்வை உப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடும். அந்த வசதியை மேலிடம் நிறுத்திவைத்திருந்தது. ஆட்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும், பயம் இருந்தால் விரிப்பு காய்ந்திருக்கும் என்று கணக்கு.

இருளப்பன் நாற்காலிக் காலைக் கையில் எடுத்தார். உடைந்த நாற்காலியிலிருந்து பிடுங்கி வைத்திருந்தது. முனையில் ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மதியம் திரும்பியதும் எல்லோருடைய குவளையையும் பிடுங்கி அடுக்கிவைப்பது அவர் வழக்கம். மறுநாள் விரிப்பு பச்சையாகும்வரை ஒரு சொட்டு கிடையாது. பெர்க்மான்ஸ் குழாய் வாயை நக்கியதற்குத்தான் விரல் ஒடிந்தது. ஊருக்குச் சொன்ன சட்டத்தை இருளப்பனும் மீறியதில்லை. மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் தண்ணீரில்லாமல் கிடந்தார். அவர் உதடு பாளம்பாளமாக வெடித்திருந்தது. கண் இரண்டும் காய்ச்சலில் பளபளத்தன.

"எவம்ல?" என்றார். "ஒவ்வொருத்தனா முன்னால வா."

பெர்க்மான்ஸின் கைலியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. சொர்ணவேலின் இடுப்பில் கை வைத்தார். ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. வேட்டியை உருவி எறிந்தார். உள்ளே, தொடையிடுக்கில், கயிறு கட்டிய ஒரு திண்டு.

அதைப் பிய்த்து எடுத்து உயர்த்திக் காட்டினார். பழைய வேட்டித் துணியைப் பல மடிப்பாக மடித்து, அடியில் மழைக்கோட்டின் ரப்பரை வைத்து, சுற்றிலும் நெருக்கமாகத் தையல். கை நடுங்குகிற ஆள் போட்ட தையல் என்று நம்ப முடியாது.

"பாத்தியாவே பெர்க்மான்ஸ்? தொட்டில் பிள்ளைக்குக் கட்டுத மாரி கட்டிருக்கான். ஒழுகாதவனுக்கு எதுக்குவே கோவணத்துக்கு உறை?"

"அண்ணாச்சி, அது ஒரு பயத்துக்கு..." என்றார் சொர்ணவேல்.

வாக்கியம் முடியவில்லை. நாற்காலிக் கால் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் விரிப்பில் தெறித்தன. சொர்ணவேல் மண்டியிட்டார். அடுத்த அடி தோள்பட்டையில். ஆணி சதைக்குள் போய்த் திரும்பி வந்தது. தெய்வானை குறுக்கே பாய்ந்தாள். இருளப்பன் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். சுவரில் ரத்தம் ஒட்டியது.

ஜீனத் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் வரும்வரை காவலர் உள்ளே வரக் கூடாது. கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"என் வாய் சொல்லிட்டு. சொர்ணவேலு," என்று இருளப்பன் கத்தினார். "பெர்க்மான்ஸு, சொல்லும்வே! தொண்ட காயுதுல்லா? சொன்னா கொழா தொறக்கும்."

பெர்க்மான்ஸ் ஒடிந்த விரலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தார்.

"தொட்டுப் பாரும்," என்றாள் தெய்வானை.

நெற்றியிலிருந்து வழிந்தது அவள் கண்ணுக்குள் போயிருந்தது. அவள் எழவில்லை. கீழே கிடந்த திண்டை எடுத்து பெர்க்மான்ஸின் காலடியில் எறிந்தாள்.

"தொட்டுப் பாரும்வே. ஈரம் இருந்தா எம் புருசன் பேரச் சொல்லும். நானே கதவுவரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

பெர்க்மான்ஸ் குனிந்து இடது கையால் தொட்டார். மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். வெயிலில் காய்ந்த துணி போல இருந்தது.

"அப்போ எவன்?" என்றார்.

தெய்வானை இருளப்பனின் முதுகுப்பக்கம் பார்த்தாள். சொர்ணவேலை இன்னொரு முறை அடிக்க இருளப்பன் குனிந்திருந்தார். அவர் வேட்டியின் பின்பக்கம் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பெரிய கறை, முழங்கால்வரை. இவ்வளவு நேரமும் சுவரில் சாய்ந்தும், முகத்தைக் காட்டியுமே நின்றிருந்தார்.

"மேஸ்திரி," என்றார் பெர்க்மான்ஸ். "ஒம்ம பின்னால தடவிப் பாரும்."

இருளப்பன் சிரித்தார். கையைப் பின்னால் கொண்டுபோனார். விரல்களை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது அளத்துத் தண்ணி," என்றார். "பாத்தி ஒடஞ்சிருக்கு. எவம்ல மட வாயத் தொறந்துவிட்டது?"

அவர் எங்கோ பழைய உப்பளத்தில் இருந்தார். காய்ச்சல் முற்றியிருந்தது.

பெர்க்மான்ஸ் தலையைத் தாழ்த்தி அவர் வயிற்றில் முட்டினார். இருவரும் விழுந்தார்கள். நாற்காலிக் கால் கை மாறியது. இடது கையால் அடிப்பவனுக்குக் குறி தவறும். அதனால் பெர்க்மான்ஸ் நிறைய அடித்தார். முழங்கை, விலா, காது. விரலுக்கு, நக்கிய நாக்குக்கு, காலியாய்க் கிடந்த நான்கு இடங்களுக்கு. கடைசி அடியில் முட்டிச் சில்லு உடையும் சத்தம் கேட்டது.

"இருளப்பன்!" என்று மூச்சு வாங்கியபடி கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார். "என் வாய் சொல்லிட்டு. தெய்வானம்மா, நீயும் சொல்லு."

"ஆச்சி?" என்றது ஒலிபெருக்கி.

தெய்வானை கணவனின் தலையை மடியில் வைத்திருந்தாள். இருளப்பன் தவழ்ந்து அவள் பக்கமாக வந்தார். அடிக்க வரவில்லை. அவள் காலைப் பிடித்தார்.

"மதினி, ஒரு வாய் தண்ணி."

"தண்ணி குடிக்காட்டி நிக்கும்னு யாருவே ஒமக்குச் சொன்னது?" என்றாள். குரல் உயரவில்லை. "காஞ்ச வயித்துல மூத்திரம் கரும்பாகு மாரி ஆவும். எரியும். அடக்க முடியாது, அப்பறம் காய்ச்சல் வரும். பகல்ல நல்லாக் குடிச்சு, சாயங்காலம் கொறச்சுக்கிட்டு, ராத்திரி எந்திரிச்சு ரெண்டு வாட்டி பாட்டில்ல விட்டா ஒண்ணும் நனையாது. இவரு அப்படித்தான் காஞ்சு கெடக்காரு."

"இத நீ சொல்லலயே," என்றார் பெர்க்மான்ஸ்.

"சொன்னா பாட்டிலப் புடுங்கிருப்பாரு."

அவள் சேலை மடிப்புக்குள் கை விட்டாள். ராத்திரிக்கு வைத்தது அல்ல, தட்டையான வேறொரு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. பாதிக்கு மேல் தண்ணீர். பகலில் வாயில் நிறைத்து, விழுங்காமல் கொண்டுவந்து துப்பிச் சேர்த்தது. மூடியைத் திறந்து இருளப்பனின் வெடித்த உதட்டில் வைத்தாள். அவர் கன்றுக்குட்டி போலச் சத்தமிட்டுக் குடித்தார். உதட்டில் கசிந்த ரத்தமும் சேர்ந்து உள்ளே போனது. பாட்டில் காலியானது.

பிறகு அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "இருளப்பன்."

ஜீனத் இன்னொரு காவலனோடு உள்ளே வந்தாள். இருவரும் ஆளுக்கொரு கக்கத்தைப் பிடித்து இருளப்பனை இழுத்தார்கள். உடைந்த கால் விரிப்பில் கோடு போட்டுக்கொண்டே போனது. தண்ணீர் உள்ளே போனதில் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருக்க வேண்டும். சாம்பல்நிறக் கதவைக் கண்டதும் நிலையைப் பற்றிக்கொண்டு அலறினார். ஜீனத் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "விடுங்க பெரியவரே, எனக்கு டூட்டி முடியுது," என்றாள்.

பெர்க்மான்ஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவர்க்குழாய் இன்னும் திறக்கவில்லை. காலி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நாக்கு உதட்டைத் தேடியது, ஈரம் இல்லை.

"இத்தன நாளும் தண்ணி வச்சிருந்திருக்க," என்றார். "நான் கொழாய நக்கிட்டு நிக்கும்போதும் வச்சிருந்திருக்க."

தெய்வானை பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கொண்டா இங்க," என்றார் பெர்க்மான்ஸ். நாற்காலிக் காலை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி, ஒடிந்த விரலை விட்டுவிட்டு மற்ற நான்கால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். பிடி நின்றது.

கோடியில் இருளப்பனின் அலறல் பாதியில் அறுந்தது. கதவு மூடியது. பூட்டு விழுந்தது.