பட்டுக்குள் இருந்த அருகம்புல்

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி ரூபீனாவின் அலுவலகத்துக்கு வந்தார் சுப்பராமன். நாற்காலியில் உட்காரும் முன்பே புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

"எங்காத்து மகாகாளரை யாரோ மாத்திட்டாம்மா!"

ரூபீனா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவள் தொழில். பதறுவது அவள் பழக்கமில்லை. அவளுக்கும் சேர்த்துப் பதறத்தான் கதிரேசன் இருந்தானே! நாற்பது வயது, பழைய ஆட்டோ டிரைவர். அவளுக்கு வண்டியும் அவன்தான், வாயும் அவன்தான்.

சுப்பராமன் ஒரு பழைய புகைப்படத்தை நீட்டினார். முப்பது வருஷத்துக்கு முன் கேங்டாக்கில் வங்கி உத்தியோகத்தில் இருந்தபோது, ஒரு பௌத்த மடத்தில் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அவரிடம் கொடுத்த சாண் உயரச் சிலை. மண்டையோட்டுக் கிரீடம், மூன்று கண், கோரைப்பல், பாம்புக் கொலுசு. நம்மூர் பைரவருக்கு அண்ணன் மாதிரி இருந்தார். கதிரேசன் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் காலடியைப் பார்த்தான்.

"அய்யய்யோ! இன்னாக்கா இது? நம்ம புள்ளையாரை மிதிச்சிக்கினு கீறாரு!"

"அது அவா சம்பிரதாயம்ப்பா. தடையெல்லாம் அடங்கறதுக்கு அப்படி ஒரு அடையாளம்" என்றார் சுப்பராமன். "எங்காத்துக்காரி அபயாம்பாள் கேட்டாத்தானே! வந்த அன்னிக்கே காலை மறைச்சுப் பட்டைச் சுத்திட்டா."

அந்த மடத்துத் துறவி ஒருவர் சிலையைத் திரும்ப வாங்கிப்போக இன்று காலை வந்திருக்கிறார். தூக்கினார், உடனே கீழே வைத்துவிட்டார். அவர்கள் சிலைக்கு உள்ளே கூடு இருக்கும், அதில் மந்திரச் சுருள் வைத்து அடியை மூடியிருப்பார்கள். இதுவோ முழுக் கட்டி, இரும்புக் குண்டாய்க் கனத்தது. பட்டை அவிழ்த்தால் பிள்ளையாரையும் காணோம். அந்த இடத்தில் ஒரு குள்ளப் பூதம் குப்புறக் கிடந்தது.

"பூஜை ரூம் வரைக்கும் வர்ற வெளி மனுஷி ரத்னா ஒருத்திதான். பன்னெண்டு வருஷமா பெருக்கித் துடைக்கறா. பதட்டத்துல போலீஸ்ல அவ பேரைச் சொல்லிட்டேன், அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிண்டு போயிட்டா. சாயங்காலத்துக்குள்ள சிலை வரலைன்னா கேஸ் எழுதிடுவாளாம்."

கூவத்தோரத்தில் கதிரேசனுக்கு அடுத்த குடிசையில் வளர்ந்தவள் ரத்னா. இப்போது பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள். திருட்டுப் பட்டம் விழுந்தால் மயிலாப்பூரில் எந்தக் கதவு அவளுக்குத் திறக்கும்?

மாடவீதிக்குப் பின்னால் இருந்த சுப்பராமன் வீட்டில், ரூபீனா தரையில் உட்கார்ந்து போலிச் சிலையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூதத்தின் தோளுக்கும் சாமியின் பாதத்துக்கும் இடையில் ஏதோ செருகியிருந்தது. மெல்ல உருவினாள். மூன்று அருகம்புல். பச்சை இன்னும் மாறவில்லை.

"நீங்க வெச்சதா மாமி?"

"நானா? அந்தக் காலடியைப் பார்க்கற தைரியம் எனக்கேது?" என்றாள் அபயாம்பாள்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன கதிரேசன் திரும்பி வந்து, "அரிசி டிரம்மு ரொம்பிக் கீது, பக்கத்துலயே புது மூட்டையும் பிரிச்சிக் கீது. மாமி வூட்ல பஞ்சமே வராதுக்கா" என்றான். இந்த நேரத்தில் இவனுக்கு அரிசிக் கவலை!

ரூபீனா சிரிக்கவில்லை. ஸ்டேஷனில் தாய்க்குத் துணையாக இருந்த ரத்னாவின் மகள் தமிழ்மொழியைப் போனில் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். "அம்மாகிட்ட கேளும்மா, சாமி காலடியில புல் வெச்சது அவங்களா?"

ரத்னாவே போனை வாங்கிப் பேசினாள். "தப்புதாம்மா. ஒருதபா பட்டு நழுவுனப்போ பாத்துட்டேன். எல்லாரும் பெரிய சாமியத்தான் கும்புடறாங்கோ, கீழ கெடக்குற புள்ளைக்கு யாரு கீறாங்கோ? வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பழச எட்த்துட்டு புதுசு சொருகுவேன். அந்தச் சாமி முறைக்கும், அதனால கண்ண இறுக்க மூடிக்குவேன். நேத்திக்கும் வெச்சேம்மா."

அபயாம்பாள் விளக்குப் பக்கம் திரும்பித் திரியைத் தூண்டினாள்.

"சார், பிள்ளையார் அங்க இல்லைன்னு தெரிஞ்சவங்க நேத்து அவருக்குப் புல் வெப்பாங்களா?" என்றாள் ரூபீனா. "அதுவும் யாருக்கும் தெரியாம? ரத்னாவுக்கு நேத்து சிலை மாறியிருந்ததே தெரியாது."

"அப்போ திருடன் யாரு?"

"திருடன் அச்சு அசலா வார்க்கச் சொல்லியிருப்பான். இதுல பட்டு மறைச்ச பாம்புக் கொலுசு வரைக்கும் அப்படியே இருக்கு, பிள்ளையார் மட்டும் இல்லை. அவரை மிதிபட விடக்கூடாதுன்னு நினைச்சவங்க செய்யச் சொன்னது. நம்ம ஊர் உற்சவர் சிலையெல்லாம் கட்டிதானே? இதுவும் அப்படித்தான்னு நம்பி, கட்டியாவே வாங்கிட்டாங்க. நீங்களா இருந்தா, தரமாட்டேன்னு துறவிகிட்ட நேரா சொல்லியிருக்கலாம். சிலையைத் திருப்பிக் கொடுக்கறதுல உங்களைத் தடுக்க முடியாத ஒருத்தர்தான் இந்த வீட்டுல பாக்கி."

சுப்பராமன் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"கதிரு, டிரம்மு நிறைய அரிசி இருக்கறப்போ புது மூட்டையை எதுக்குப் பிரிக்கணும்? அந்த டிரம்முல கையை விடு" என்றாள் ரூபீனா.

முழங்கை வரை விட்டான். விரலில் ஜில்லென்று ஏதோ தட்டியது. அரிசியை விலக்கினான். மகாகாளர் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்! மண்டையோட்டுக் கிரீடம் அரிசிக்குள் புதைந்திருக்க, எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையார், நெற்றியில் குங்குமத்தோடு.

"முப்பது வருஷம் நம்மாத்துல இருந்த குழந்தை" என்று அபயாம்பாள் கேவினாள். "அந்தக் காலடியிலயே எப்படி அனுப்புவேன்?"

"ரத்னாவைக் கூட்டிண்டு போறச்சே வாயைத் திறந்திருக்கலாமேடி!"

"பயந்துட்டேன்."

ஸ்டேஷனுக்கு அபயாம்பாளும் கூட வந்தாள். வழி முழுக்கக் கதிரேசன் ஹாரன்கூட அடிக்கவில்லை. வாசல் பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்த ரத்னா, அபயாம்பாளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"யம்மா, புள்ளையாரு கெடச்சிட்டாரா?"

அபயாம்பாள் அவள் முகத்தைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றாள். "எடுத்தது நான்தான் சார். இவ இல்லை."

கும்பிடத் தூக்கிய கையை ரத்னா இறக்க மறந்துபோனாள்.

"நீங்களாம்மா?" என்றாள்.