கடைசிக் கை

கோவளம் சாலையோரப் பணிமனையில் சகாயமேரி இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு நின்றாள். எதிரே சிவப்பு நிற இத்தாலியக் கார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது. திருப்பும்போதெல்லாம் அடிபட்ட நாய் போல ஊளையிட்டது.

"ஸ்டீரிங் கல்லு மாதிரி இருக்கும்மா. ஆயில் குறைஞ்சிருக்கும். கொஞ்சம் ஊத்திவிடேன்" என்றார் காருக்குச் சொந்தக்காரர்.

"வாயாலதான் சொல்லுவேன் சார். கை உங்களுது."

மெக்கானிக்குகள் எல்லாருமே இப்போது இப்படித்தான் வேலை பார்த்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் கைப்பதிவான் இருந்தது. மூடி, குழாய், திருகு என்று எதைத் தொட்டாலும் வியர்வையிலிருந்து ஆளை அறிந்து பெயரைப் பதியும். கையுறை போட்டுத் தொட்டால் வண்டி கிளம்பாது. விபத்து நடந்தால் விசாரணை கிடையாது. கடைசியாகத் தொட்டவர்தான் குற்றவாளி. வழக்குகள் ஏழே நாளில் முடிந்தன. எல்லாருக்கும் நிம்மதி.

சகாயமேரியின் தம்பி லூர்து ஒரு லாரியின் கண்ணாடித் துடைப்பானுக்குத் தண்ணீர் ஊற்றினான். அவ்வளவுதான் செய்தான். பத்தாவது கிலோமீட்டரில் லாரியின் பிரேக் பிடிக்கவில்லை. அவனுக்கு ஏழு வருடம் சிறை.

கைப்பதிவானைக் கண்டுபிடித்த ஆதிநாராயணனின் முகத்தை அவள் செய்திகளில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். அந்த முகம்தான் இப்போது அவளிடம் ஆயில் ஊற்றச் சொன்னது.

"முன்பக்க மூடியத் தொறங்க. ஸ்டீரிங் ஆயில் டப்பாவத் துணியால சுத்தித் தொடைங்க. தூசி உள்ள போகக்கூடாது."

அவர் துடைத்தார். பிறகு ஆயில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த வேறொரு டப்பாவைத் திறந்தார்.

பிரேக் டப்பா.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மௌனத்தைப் பதிகிற கருவி இன்னும் வரவில்லை. பாட்டில் சாய்ந்தது. 

"நிறுத்துய்யா! அது பிரேக்கு! உள்ள ரப்பரெல்லாம் ஊதிப்போய் நேரா கடல்லதான் இறங்குவ!"

அவர் பாட்டிலைச் சட்டென்று நிமிர்த்தினார். ஒரு சொட்டும் விழவில்லை. பிரேக் டப்பாவை மூடிவிட்டு, அவள் கண்ணால் காட்டிய டப்பாவைத் திறந்தார். மூடியோடிருந்த அளவுக்குச்சி காய்ந்துபோய் வந்தது. மேல்கோடு வரை ஊற்றி, வண்டியைக் கிளப்பி, ஸ்டீரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பினார். ஊளை நின்றது. சிரித்தார்.

"சிரிக்காதீங்க. கீழ பாருங்க."

தரையில் சிவப்பாக ஒரு சொட்டு.

"இந்த ஆயில் தானா குறையாது சார். குழாய் கசியுது. யார் மாட்டினது?"

"போன வாரம் எங்க சர்வீஸ் ஆளு. அவன உண்டு இல்லன்னு பண்றேன்!"

போன் எடுத்த சர்வீஸ்காரன் பதிவைப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னான்: "கடைசிக் கை உங்களுது சார். நாங்க தொட மாட்டோம். நீங்களே ஓட்டிட்டு வந்துடுங்க."

ஆதிநாராயணன் குரலைத் தாழ்த்தினார். "நீ அந்த மூடிய ஒரு தடவ தொட்டுடும்மா. உன் தம்பி கேஸ் ஒண்ணு இருக்குன்னு வாசல்ல சொன்னாங்க. விசாரிக்கச் சொல்றேன்."

சட்டைப்பைக்குள் அவள் விரல்கள் இறுகின.

"அவன் என்ன தப்பு பண்ணான்? அத மட்டும் சொல்லுங்க. ஒண்ணும் பண்ணலன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க, தொடறேன்."

அவர் சொட்டைப் பார்த்தார். அதைச் சொன்னால் கருவி பொய். சொல்லாவிட்டால் வண்டிக்கு எது நடந்தாலும் பழி அவர் தலையில்.  கதவைத் திறந்து காரில் ஏறி உட்கார்ந்தார்.

முந்நூறு கிலோமீட்டர் பறக்கும் கார் நடைவேகத்தில் சாலையில் ஏறியது. பின்னால் லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் வரிசையாக ஹாரன் அடித்தன.

"யோவ், தள்ளிக்கினு போறியா?" என்று யாரோ கத்தினார்கள்.

பத்தடிக்கு ஒரு சிவப்புச் சொட்டு விழுந்துகொண்டே போனது.