நாற்பத்தொரு துணைச்சொற்கள்

காலை ஒன்பதுக்கு முறையீட்டு மையத்தைத் திறந்ததும் மேலிடம் அனுப்பும் சொற்பட்டியலைக் கேட்பொறியில் ஏற்றிவிட்டுப் புகார்களைப் பதிவது என் வேலை. மக்கள் தமிழில் பேசுவார்கள். கேட்பொறி அதை ஆங்கிலமாக்கி, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்று பார்க்கும். பழகிய ஜோடி என்றால் ஏற்கும்; இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு. பொய்ப் புகாரை ஒழிக்க வந்த சட்டமாம். எந்த மடையனுக்கு இந்த யோசனை வந்ததோ!

அன்று முதலில் வந்தவர் பிலோமினா. இறாலை உறையவைக்கும் ஆலையில் அமோனியா கசிந்து அவருடைய மூத்த மகள் ஸ்டெல்லா இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"கதவப் பூட்டிக் கொன்ன சாவுன்னு எழுதுங்க சார். ஷிஃப்ட் முடியுமுன்ன யாரும் வெளிய போகக் கூடாதுன்னு மேனேஜர் பூட்டிட்டான்."

சிவப்பு விளக்கு எரிந்தது. 'டெத்' என்ற சொல்லுக்கு நாற்பத்தொரு துணைச்சொற்கள் திரையில் வந்தன. சடன், நேச்சுரல், ஆக்சிடென்டல். பீஸ்ஃபுல்கூட இருந்தது. பூட்டு இல்லை.

"ஆக்சிடென்டல்னு போட்டா உடனே ஏத்துக்கும்மா" என்றேன் வழக்கம்போல.

"போட்டா அந்தக் கதவத் திறப்பானா?"

"விபத்துன்னா விசாரணை கிடையாதும்மா."

"என் சின்னவ ரெஜினா இப்பவும் அதே கதவுக்குள்ளதான் நிக்கா. அவளும் செத்த பிறகு வரட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் திறக்காத, பொறி ஏற்க மறுத்த ஜோடிகளின் பதிவைத் திறந்தேன். மேலேயே விதி இருந்தது: ஆயிரம் பேர் சொன்னால் புது ஜோடியும் பழகிய ஜோடியாகிவிடும். ஒருவர் குரல் ஒருமுறைதான் கணக்கு. பூட்டிய கதவைச் சாவோடு சேர்த்துச் சொன்னவர்கள், பிலோமினாவையும் சேர்த்து, அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

பிலோமினா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். "இம்புட்டுப் பேரும் இதயேதான் சொன்னாங்களா?"

"ஆமாம்மா."

"அவங்களுக்கெல்லாம் என்னன்னு எழுதுனீங்க?"

பாதிப் பதிவுகளில் என் பெயர் இருந்தது. எல்லாவற்றிலும் ஆக்சிடென்டல். பாவம், அலையவிடாமல் அனுப்புகிறோம் என்றுதான் நினைத்தேன். உதவியாம் உதவி! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எழுந்து சுற்றி வந்து முறையீட்டாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஸ்டெல்லாவின் சாவு கதவைப் பூட்டிக் கொன்ற சாவு" என்றேன். சிவப்பு. அறுநூற்றுப் பதின்மூன்று.

பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்து, பூட்டிய கதவைப் பொறி ஏற்க ஆயிரம் குரல் வேண்டும் என்ற விஷயத்தை உரக்கச் சொன்னேன். இது மேலிடத்துக்குத் தெரிந்தால் என் வேலை போகும். போகட்டும், சனியன்.

விடுப்பு தரவில்லை என்ற மனுவோடு நின்ற ஒருவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எந்திரிங்க சார். எங்க பிளான்ட்லயும் பூட்டு வெளியதான் தொங்குது."